ஒரே அஸருக்கு இரண்டு நேரம்

நாங்கள் குடியேறியிருக்கும் வெளிநாட்டு நகரத்தின் டூட்டிங் பகுதிப் பள்ளிவாசல் கொடுக்கும் தொழுகை நேர அட்டையில், பிற்பகல் அஸர் தொழுகைக்கு மட்டும் இரண்டு நேரங்கள் அச்சிட்டிருக்கும். முந்தி வருவது ஷாஃபி வழியைப் பின்பற்றுகிறவர்களுக்கு, பிந்தி வருவது ஹனஃபி வழிக்காரர்களுக்கு. மார்க்கச் சட்டத்தை விளங்கிக்கொள்ளப் பழைய அறிஞர்கள் வகுத்த வழிகள் அவை. எங்கள் வீட்டில் முதல் நேரம் என்னுடையது, இரண்டாவது என் கணவருடையது.

நான் கீழக்கரைப் பக்கம். தகப்பனை வாப்பா என்போம், தாயை உம்மா என்போம், கடலில் கிடைக்கும் எதையும் சாப்பிடுவோம். அவர் கம்பம் பக்கத்து ராவுத்தர். அங்கே தகப்பன் அத்தா. நண்டைத் தொடமாட்டார்கள். என் வீட்டில் கப்பலைச் சொல்லிப் பெருமை பேசுவார்கள், அவர் வீட்டில் குதிரையைச் சொல்லி. கல்யாணமான புதிதில் நான் தொழுகைக்காகக் கழுவி ஒளூ செய்துவிட்டு வரும்போது அவர் வேண்டுமென்றே கையைப் பிடிப்பார். எங்கள் வழியில் அத்தோடு ஒளூ முறிந்துவிடும். மறுபடியும் முகம் கை கால் கழுவ வேண்டும். அவர்கள் வழியில் முறியாது.

"எனக்கு முறியல, உனக்கு மட்டும் எப்படி முறியுது?" என்று சிரிப்பார். எனக்கு அழுகையே வரும். ஜனவரி மாதத்துத் தண்ணீர் அப்படி.

இந்த வித்தியாசங்கள் எங்கிருந்து வந்தன என்று நான் யோசித்ததில்லை. இரண்டு ஊர்ப் பழக்கம் என்று விட்டிருந்தேன். யோசிக்க வைத்தது பெண்களின் சனிக்கிழமைக் கூட்டம். மாதம் ஒருமுறை பள்ளிவாசலின் மாடி அறையில் கூடுவோம். நடத்துபவர் லாகூரில் பிறந்தவர், இங்கே பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர்கள் பாஷையில் அக்காவுக்கு ஆபா என்பதால் எல்லோருமே அவரை ஆபா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கூட்டத்தின் முடிவில் அவர் சொன்னார்: "அடுத்த மாதம் எல்லாரும் ஊர்ச் சாப்பாடு ஒன்று கொண்டுவாருங்கள். உங்கள் ஊருக்கு இஸ்லாம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள்."

நண்டுக் குழம்பு வைப்பது என்று முடிவு செய்தேன். அப்பர் டூட்டிங் ரோட்டு மீன்கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். நண்டைத் திருப்பி வயிற்றைக் காட்டி, "நல்ல சதை தங்கச்சி, பயப்பிடாமல் கொண்டு போங்கோ" என்றார். பிறகு என் தலைத்துணியைப் பார்த்துவிட்டு, "குறை நினையாதேங்கோ. நீங்கள் தமிழோ, முஸ்லிமோ?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் அண்ணே."

"அதெப்பிடி? எங்கட பக்கம் தமிழர் வேற, முஸ்லிம் ஆக்கள் வேற எண்டுதான் சொல்லுறது."

"எங்க பக்கம் அப்படிப் பிரிக்கிறதில்ல."

"வீட்டில என்ன பாஷை கதைக்கிறனியள்?" என்றார். தமிழ் என்றேன். "ஓம், அது கேக்கேக்கயே விளங்குது" என்று நண்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். கிண்டலாக அவர் கேட்கவில்லை. ஆனால் வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி என்னோடு வந்தது.

சனிக்கிழமை பதினைந்து பேர் போல வந்திருந்தார்கள். நடு மேசையில் என் சட்டியைத் திறந்ததும் அறை முழுக்க வாசனை. ஆபா எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "நண்டா?" என்றார். "எங்களுக்கு இது கூடாதே, பேட்டி." மகளே என்றுதான் கூப்பிட்டார், குரலிலும் மரியாதை இருந்தது. ஆனால் சட்டியை மேசையின் கோடிக்குத் தள்ளி மேலே மூடியும் போட்டுவிட்டார். போஸ்னியாவிலிருந்து வந்த பெண்ணும், "எங்கள் ஊரிலும் சாப்பிட மாட்டார்கள்" என்றார். ஏதோ ஆகாததைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவந்துவிட்டவள்போல நின்றேன்.

அப்போது ஜாவாவிலிருந்து வந்த ஒரு செவிலி எழுந்துபோய் மூடியைத் திறந்தாள். பெரிய கால் ஒன்றை எடுத்துக் கடித்து உடைத்து உறிஞ்சினாள். "என் அம்மா வைப்பது போலவே இருக்கிறது" என்றாள். சோமாலியாவின் மொகடிஷுக்காரப் பெண் ஒருத்தியும் தட்டை நீட்டினாள். அவளோடு வந்த அவளுடைய மாமியார் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அவர் உள்நாட்டில் ஒட்டகம் மேய்த்த குடும்பம். கூடும் கூடாது என்பதெல்லாம் இல்லை, கடல் வாடையே பிடிக்காது" என்று மருமகள் விளக்க, எல்லோரும் சிரித்தோம். எனக்கு மூச்சு வந்தது.

பேச்சு தொடங்கியது. ஆபா முதலில் சொன்னார். மலைக் கணவாய்கள் வழியாக வந்த படைகள், சுல்தான்கள், டெல்லி. பள்ளிக்கூடத்தில் நடத்துவதுபோலவே ஒழுங்காகச் சொன்னார். முடிவில் என்னைப் பார்த்து, "அங்கிருந்துதான் மெல்ல மெல்ல உங்கள் தெற்குக்கும் வந்தது" என்றார்.

"இல்லை ஆபா. எங்களுக்குக் கடல் வழியாக வந்தது. டெல்லியில் சுல்தான்கள் வருவதற்கு முன்பே அரபு வணிகர்கள் எங்கள் கரையில் இருந்தார்கள்."

"ராஜா இல்லாமலா?"

"ராஜா இருந்தார். அவர் எங்கள் ஆள் இல்லை. வியாபாரம் நடக்கட்டும் என்று இடம் கொடுத்தார்."

ஜாவாப் பெண் கையைக் கழுவாமலே தலையாட்டினாள். அவர்களுக்கும் கப்பலில்தான் வந்ததாம். சோமாலியக் கடற்கரைக்கும் அப்படித்தான். நாங்கள் மூவரும் அஸரை முதல் நேரத்தில் தொழுகிறவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்த பழக்கம். நிலத்தின் வழியே குதிரையில் வந்தது பிந்தித் தொழும் ஹனஃபி வழி. அது லாகூருக்கும் போயிருக்கிறது, போஸ்னியாவுக்கும் போயிருக்கிறது, எப்படியோ கம்பம் பள்ளத்தாக்குக்கும் வந்து என் கணவரிடம் சேர்ந்திருக்கிறது.

தொழுகைக்கு உங்கள் பாஷையில் என்ன சொல் என்று யாரோ கேட்டார்கள். ஆபாவும் போஸ்னியப் பெண்ணும் ஒரே குரலில் "நமாஸ்" என்றார்கள். இருவருக்கும் ஆச்சரியம். பாரசீகச் சொல் ஒன்று இரண்டு திசைகளில் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஜாவாக்காரி "செம்பாயாங்" என்றாள். நான் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று வரிசையாகச் சொன்னேன்.

"இதில் அரபு எங்கே?" என்றார் ஆபா.

"இல்லை. எல்லாம் தமிழ். பள்ளி என்ற சொல்கூட எங்களுக்கு முன்னால் சமணர்கள் வைத்திருந்தது."

"வேறு மதத்தின் சொல்லையா வைத்துக்கொண்டீர்கள்?"

"அப்போது கையில் இருந்த சொல் அதுதானே, ஆபா."

அவர் எழுந்து தேநீர் ஊற்றப் போனார். நான் மனதைப் புண்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்: "சுல்தான் கதை நான் வகுப்பில் நடத்தியது. எங்கள் வீட்டில் என் அம்மா சொன்னது அது இல்லை. எங்கள் கிராமத்தில் ஒரு பீர் சாகிப், சூஃபி ஞானி, அடக்கமாகியிருக்கிறார். அவர் பஞ்சாபியில் பாடுவாராம். கேட்கப் போன உழவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்களாம். எங்கள் குடும்பமும் அப்படி உட்கார்ந்ததுதான். இதை நான் ஒருநாளும் வரலாறாக நினைத்ததில்லை."

நைஜீரியாவின் வடக்கிலிருந்து வந்த ஹவுசா பெண் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். பாலைவனம் தாண்டி உப்பு வணிகர்களோடு வந்ததாக அவள் ஊரில் சொல்வார்களாம். அவள் என்னிடம் கேட்டாள்: "வணிகர்கள் வந்தார்கள் என்கிறாய். அவர்கள் மனைவியைக் கப்பலில் கூட்டிவந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் உங்கள் ஊரில் முதன்முதலில் கலிமா சொல்லி முஸ்லிமான பெண் யார்? அவளை யாராவது விருப்பம் கேட்டார்களா?"

வாளில்லாமல் வந்தது, வியாபாரத்தில் வந்தது என்று பெருமையாகச் சொல்லத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. காற்று திரும்பியதும் கப்பல் போயிருக்கும். பிள்ளைகளோடு கரையில் இருந்தவள் அவள். தொழுகை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும். வேறு சொல் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அஸர் நேரம் வந்தபோது ஷாஃபிகளும் ஹவுசா பெண்ணும் எழுந்தோம். பிந்தி வரும் தங்கள் நேரத்தில் தொழுவதற்காக ஆபா காத்திருந்தார். எங்களுக்கு விரிப்பு விரித்துக் கொடுத்தது அவர்தான். எனக்குப் பக்கத்தில் ஹவுசா பெண் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நின்றாள், அது மூன்றாவதான மாலிக்கி வழி, அவர்களுக்கும் அஸர் முதல் நேரம்தான். முன்பெல்லாம் அப்படி நிற்பவர்களைப் பார்த்தால் யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும் என்று நினைப்பேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் உம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். "உம்மா, நம்ம குடும்பத்துல முதல்ல இஸ்லாத்துக்கு வந்தது யாரு?"

"இது என்ன கேள்வி? நாம எப்பவுமே இப்படித்தானே."

"அதுக்கு முன்னாடி?"

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "யாரோ ஒருத்தி இருந்திருப்பா" என்றார் உம்மா. "அவளுக்கும் சேர்த்து துஆ செய், போ."

செய்கிறேன். பெயர் தெரியாததால், அந்த ஒருத்தி என்று மட்டும் தமிழில் சொல்லிக் கேட்கிறேன்.