பசாசுக்கு வந்த உயிர்

ஞானசேகர் வரைந்த பூதங்களைப் பார்த்து மிரண்ட பிள்ளைகள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அவரைத் தெரிந்தவர்கள் அவர் குடியிருந்த காரைக்குடியிலேயே பத்துப் பேர் தேறமாட்டார்கள். ‘மாயத்தீவு’ மாத இதழின் அட்டைகளை வருஷக்கணக்காக வரைந்து, பஸ் பார்சலில் மதுரைக்கு அனுப்பியவர் அவர்தான். ஓரத்தில் போடும் கையெழுத்தை மட்டும் அச்சகத்தில் தவறாமல் வெட்டிவிடுவார்கள். அந்தக் கத்தரிக்கோலை அவர் சபிக்காத மாதம் இல்லை.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. கதாநாயகன் முகம், முதலாளி அனுப்பும் சினிமா ஸ்டில்லைப் போலவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விற்காதாம். பூதமும் ராட்சதப் பல்லியும் ஓவியர் இஷ்டம். மனுஷன் தன் வித்தையை எல்லாம் அவற்றிலேயே கொட்டித் தீர்த்தார்.

தொண்ணூற்றைந்தில் வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்தது; இதழ் நின்றுபோனது. மறுவருஷம், காளையார்கோவில் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்ச் சர்ச் திருவிழாவுக்குப் படம் கேட்டார்கள். பசாசை மிதித்து நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசு, சப்பரத்தின் பின்பலகைக்கு.

“கீழ ஒங்க பேரப் போட்டுக்கிருங்க” என்றார் கமிட்டித் தலைவர் சகாய ஆண்டனி. அந்த ஒரு வார்த்தைக்காக ஞானசேகர் கூலியே கேட்கவில்லை.

படத்தை முதலில் பார்த்தவள் மனைவி அருளம்மாள். “பசாசு உசுரோட இருக்கு. சம்மனசு என்னங்க, சினிமாக்காரன் மாதிரி நிக்கிறாரு?”

அவருக்குச் சுருக்கென்றது. சம்மனசின் முகத்தை அழித்து அழித்து வரைந்தார். எப்படி வரைந்தாலும் அந்தப் பாழாய்ப்போன ஸ்டில்தான் வந்தது. பசாசோ, பாரம் தாங்காமல், பார்க்கிறவர்களிடம் இரக்கம் கேட்டது.

அதுவே வினையானது. திருவிழாவில் நேர்த்திக்கடனாக உப்பும் மிளகும் கொண்டுவந்த பெண்கள் சம்மனசை விட்டுவிட்டுப் பசாசைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். “ஆரு பெத்த பிள்ளையோ” என்றாள் ஒருத்தி. ஆண்டனிக்கு வந்ததே கோபம்! கறுப்புப் பெயிண்டை வரவழைத்துத் தன் கையாலேயே பசாசை அடித்து மூடினார்.

ஞானசேகர் பார்த்துக்கொண்டே நின்றார். பலகையில் மிஞ்சியது அந்த ஸ்டில் முகம் மட்டும்தான். ஆண்டனி வந்து தோளைத் தட்டினார்.

“வருத்தப்படாதீக. சம்மனசு இருக்காரு. கீழ ஒங்க பேரு இருக்கு. அத நான் தொடலை.”

“பெயிண்டு மிச்சம் இருக்கா?”

“இருக்கே, எதுக்கு?”

“எம் பேரையும் சேத்து அடிச்சிருங்க.”

ஆண்டனி நெகிழ்ந்துபோனார். பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பி, “பாத்தீகளா, எம்புட்டுத் தாழ்ச்சியான மனுசன்!” என்றார்.