காணாமல் போன பக்கங்களும் தணிகாசலம் சாரும்

புதுச் சட்டப் புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு பசை வாடை வருமே... அது மூக்கில் ஏறினாலே எனக்கு உத்திரமேரூர் கோர்ட்டில் வக்கீல்களுக்கான பழைய பார் லைப்ரரி ஞாபகம்தான். இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, கிறீச்சிடும் ஃபேன். நான் அப்போது ஜூனியர் வக்கீல். லைப்ரரி சாவி என் பொறுப்பு.

புத்தகக் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள். கேட்காத புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "சும்மா பாருங்க மேடம்" என்று போய்விடுவார்கள். பின்னாலேயே பில் வரும். அட்டையை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய பதிப்பு என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

தணிகாசலம் சார் வேறு ரகம். சென்னைக் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர். "மேடம், இதுல புச்சா ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட கீறதே போதும்" என்று சொல்லிப் பையை மூடிவிடுவார். இப்படி விற்றால் உங்கள் கம்பெனி விளங்கினாற்போலத்தான் சார் என்று கிண்டல் செய்வேன்.

ஒருநாள்... திருமுக்கூடல் விவசாயி முனுசாமியின் கேஸ். பக்கத்து நிலத்துக்காரர், இவர் கழனியில் லாரிக்கு வழி போட ஜேசிபி சொல்லிவைத்துவிட்டார். அன்றைக்கே தடை உத்தரவு கிடைக்காவிட்டால் விடிந்ததும் நட்ட பயிர் மேலேயே வண்டி ஏறும்.

"இதுக்கு முன்னுதாரணமா தீர்ப்பு ஏதாவது இருக்கா?" என்றார் ஜட்ஜ். தணிகாசலம் சாரிடம் புதிதாக வாங்கிய புத்தகத்தை என் சீனியர் திறந்தார். புரட்டினார். முகம் மாறியது. வேண்டிய பக்கங்களே இல்லை... பைண்டிங்கில் முந்தின பக்கங்களையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார்கள்.

ஜட்ஜ் நல்லவர். மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே முனுசாமி என் முகத்தையே பார்த்தார். "இன்னாம்மா, பொஸ்தகத்துல நம்ம கேஸ் இல்லியா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சார் காஞ்சிபுரம் கோர்ட்டில் இருப்பதாகச் சென்னை ஆபீஸில் சொன்னார்கள். அங்கே பார் லைப்ரரிக்குப் போன் போட்டுப் பிடித்து, கத்தித் தீர்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எந்தப் பக்கம் மேடம் காணோம்?"

சொன்னேன். பையிலிருந்த சாம்பிள் காப்பியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இதுல கீது. போனை வைங்க, வரேன்."

பஸ் பிடித்து, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, கோர்ட் மறுபடி கூடுவதற்குள் வந்து நின்றார் மனுஷன். தடை உத்தரவு கிடைத்தது. முனுசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் நைனா" என்று விடவே இல்லை.

சார் கோளாறான புத்தகத்தை எடுத்துக்கொண்டு நல்லதை எங்களுக்கு வைத்தார். அதோடு விடவில்லை. அதே புத்தகம் வாங்கிய லைப்ரரிகளுக்கெல்லாம் தானே தேடிப்போய், யாரும் கேட்கும் முன்பே மாற்றிக் கொடுத்தார். "கேக்காதவங்களுக்கெல்லாம் எதுக்குய்யா போய் சொல்ற?" என்று முதலாளி குதித்தாராம். "ஜட்ஜு எதிர்ல தொறந்து பாத்தாங்கன்னா, அவங்கதான சார் பேஜார் படணும்?" என்றாராம் இவர்.

இப்போது லைப்ரரியில் கம்ப்யூட்டர். தட்டினால் தீர்ப்பு வந்து நிற்கிறது. சௌகரியம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் போன வாரம் ஒரு தீர்ப்பைத் தேடினால், இது உங்கள் சந்தா பிளானில் இல்லை என்று வருகிறது. போன வருஷம் இருந்ததே! எடுத்துவிட்டோம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, அப்புறம் மியூசிக். யாரிடம் போய்க் கத்துவது, சொல்லுங்கள்?

சாயங்காலம் மனசு கேட்காமல் தணிகாசலம் சாருக்குப் போன் போட்டேன். ரிட்டையராகி வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது... நான் ஹலோ சொன்னதுமே சிரித்தார்.

"இன்னா மேடம்... எந்தப் பக்கம் காணோம்?"