சத்வா மின்விசிறியும் ஏழாவது கதையும்

போன வாரம் கூடத்தில் எலெக்ட்ரீஷியன் புது மின்விசிறியை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். ஒட்டடைக் கோலைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில் போன எனக்குக் கை தானாக இடப்பக்கம் சாய்ந்தது, கூடவே இடுப்பும். "இன்னும் சத்வாவுலயே இருக்கீங்க" என்றாள் மனைவி.

துபாயில் மெட்ரோ வராத காலம். ஜெபல் அலியில் ஒரு தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளர். அளப்பதும் எழுதுவதும்தான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகாது. நீங்கள் சிரிக்கலாம், கேஸ் சிலிண்டர் மாற்றிய நேரம்கூட என் டைரியில் இருக்கும். அங்கே இன்ஜினீயராக வந்திருந்த ஜப்பானியர் இவாத்தா, பல தலைமுறையாக வரும் ஒரு கோல் வித்தையைக் கற்றவர். அதில் போட்டி கிடையாது, பெல்ட் கிடையாது. இருவர் எதிரெதிரே நின்று, முன்னோர் வகுத்த வரிசையை அப்படியே செய்ய வேண்டும். ஓர் அசைவும் மாறக் கூடாது. அந்த வரிசைக்குக் 'கட்டா' என்று பெயர். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பரமக்குடி செல்வம் கடைசி வரை 'கதை' என்றே சொன்னார். எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் துபாயின் சத்வா பகுதியில் ஒரு தையற்கடையின் மாடி அறையில் இவாத்தாவிடம் அதைக் கற்கக் கூடுவோம். சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் படுகிற வாசனை கீழிருந்து ஏறி வரும். இன்றும் எங்காவது அது மூக்கில் பட்டால் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது. செல்வம் ஊரில் சிலம்பம் சுற்றியவர். "ஆறு மாசமா நிக்கத்தான் சொல்லிக் குடுக்குறாரு. நிக்கிறதுக்கு ஃப்ளைட் ஏறி வரணுமா சார்?" என்பார். ஆனால் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவரும் அவர்தான்.

மூன்றாம் வருடம் இவாத்தாவுக்கு ஊர் திரும்பும் உத்தரவு வந்தது. அவர் இல்லாமல் நாங்கள் தொடர அவருடைய குரு அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சி அத்தோடு நின்றுவிடும். வேறெங்கோ போகிற வழியில் அந்தப் பெரியவர் துபாயில் இறங்கி எங்களைப் பார்ப்பதாக ஏற்பாடானது. ஒரு பள்ளியின் பெரிய அரங்கைக் கேட்டு வாங்கினோம். நான் மூன்று வருட டைரிகளையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். "பரீட்சைக்குப் புஸ்தகத்தோட வர்றீங்களே சார்" என்று செல்வம் கேலி செய்தார்.

ஆறு கதைகள் நல்லபடியாக முடிந்தன. ஏழாவதில் கோலைத் தலைக்கு மேல் உயர்த்தும் இடத்தில், நானும் செல்வமும் ஒன்றுபோல இடப்பக்கம் சாய்ந்தோம்.

பெரியவர் கை காட்டி நிறுத்தினார். அந்தச் சாய்வு எங்கள் வித்தையில் இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதை மொழிபெயர்க்கும்போதே இவாத்தாவின் முகம் வெளுத்தது. எங்களோடு பழகிப் பழகி அவரும் அப்படித்தான் சாய்ந்துகொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே நினைவில்லை.

"கலாஸ் சார். மூட்டை கட்டிர வேண்டியதுதான்" என்று செல்வம் என் காதோரம் சொன்னார்.

நான் தரையில் உட்கார்ந்து டைரிகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு வருடம் முந்தைய ஒரு பக்கத்தில் இருந்தது: 'ஏழாவது. கோல் நுனி மின்விசிறியில் பட்டு இறக்கை வளைந்தது. தையற்கடைக்காரர் மேலே வந்து சத்தம் போட்டார். விசிறியைக் கழற்றும்வரை நான்கு விரல் இடப்பக்கம் சாய்க்கவும் என்று இவாத்தா சொன்னார்.'

விசிறியை யாரும் கழற்றவே இல்லை.

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, இவாத்தா தலைகுனிந்து ஜப்பானிய மொழியில் சொன்னார். பெரியவர் அண்ணாந்து பார்த்தார். அரங்கின் கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. விசிறி இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"இன்னும் கோணலாத்தான் சுத்துது" என்றார் செல்வம்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு டைரியை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த நாலு வரியையும் விரலால் தடவிப் பார்த்தார். ஏழாவதை நேராகச் செய்யுங்கள், பயிற்சியைத் தொடருங்கள், இந்தப் புத்தகத்தையும் தொடருங்கள் என்றார்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. தையற்கடையும் அந்த வாசனையும் அதோடு போயின. செல்வம் அங்கேயே இருக்கிறார். இப்போது சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பதினொரு பேர், ஆறேழு நாட்டு முகங்கள், ஏழாவது கதை. கோல்கள் உயரும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தேன். எல்லாக் கோல்களும் நேராக நின்றன, ஒருவர்கூடச் சாயவில்லை. அந்த நான்கு விரல் சாய்வு இனி என் இடுப்பில் மட்டும்தான் மிச்சம். அதையும் டைரியில் எழுதி வைத்தேன்.