துப்பும் கிண்ணம்

நாற்பத்தொரு மணி நேரமாகத் தண்ணீர் தவிர எதுவும் என் தொண்டையில் இறங்கவில்லை. இது நடந்தது. நான் இரசாயனவியல் பட்டதாரி. பேய்க்குப் பயந்தவள் அல்ல. மனிதர்களுக்குத்தான் பயப்படுவேன்.

தெரணியகலைக்கு மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே சேர்ந்து மூன்று வாரம். வேலை நிரந்தரமா என்பதை அன்றைய விருந்துக்குப் பிறகு சொல்வதாக மேனேஜர் நிரோஷன் சொல்லியிருந்தார்.

கொழும்பிலிருந்து ஐந்து விருந்தினர். இருபத்தைந்து வருடம் ஓக் பீப்பாயில் கிடந்த சிங்கிள் மோல்ட் விஸ்கி. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது தேவதைகளின் பங்காம். எத்தனால் ஆவியாவதற்கு இவ்வளவு பக்தி! ஒருவர் மோந்து "தேன்" என்றார். இன்னொருவர், "பழைய குதிரைச் சேணம்." குதிரையைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். நிரோஷன் விஸ்கியைத் தொடவே மாட்டார். அவருக்குத் தென்னஞ்சாராயம்தான்.

வாயில் சுழற்றித் துப்புவது முறை. துப்புவதற்கு ஒரு வெண்கலக் கிண்ணம். பழைய இரும்புக் கடையில் நிரோஷன் வாங்கியது. "துரை காலத்துச் சாமான்," என்று கூசாமல் சொன்னார்.

"செல்வி, நீங்களும் ருசிச்சுக் காட்டுங்க. பொம்மை மாதிரி நிக்காம."

முந்தாநாள் மாலை 4.10. வெளியே மழை.

மோந்தேன். புகை வாசனை வர வேண்டும். ஃபீனால். வந்தது... சாம்பிராணி.

வாயில் வைத்தேன். பல்லில் ஏதோ கடிபட்டது.

பச்சரிசி.

தூ... தூ... ஐவரும் துப்பினார்கள்.

"தானியச் சுவை. அருமை!" என்றார் சேணக்காரர்.

முட்டாள்கள்.

வேலை நிரந்தரம் என்றார் நிரோஷன்.

கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்கு எடுத்துப்போனேன். அடியில் ஐந்து அரிசி. விஸ்கிக்குள்... நனையாமல்.

சமைக்கும் கருப்பாயி அக்கா கரண்டியைக் கீழே போட்டார்.

"இது எங்க தோட்டத்து லயத்துக் கிண்ணம். யார் செத்தாலும் இதுலதான் வாய்க்கரிசி எடுப்போம். மண்சரிவுல லயத்து வீடுங்களோட போச்சு. உள்ள போன ஆறு பேரையும் தோண்டி எடுக்கவே இல்ல. வாய்க்கரிசி போட வாய் கெடைக்கல, செல்வி."

அரிசியை எண்ணினார்.

"உசுரோட இருக்கவங்க வயித்துக்குள்ள இது போகக் கூடாது. நீயும் துப்பிட்டல்ல?"

தலையாட்டினேன்.

இன்று காலை 9.10. அக்கா கஞ்சியோடு வந்தார். வாயருகே கொண்டுபோனதும்... சாம்பிராணி.

"செல்வி. என்னையப் பாரு. துப்புனியா, இல்லியா?"

மழை நின்றிருந்தது.

"அத்தன பேருக்கு முன்னால துப்ப வெக்கமா இருந்துச்சுக்கா... முழுங்கிட்டேன்."