பிள்ளை பெற்றதற்காகப் பறித்த வேலை

மாதாவின் பிள்ளைகளே, அவள் எனக்குச் செய்த உபகாரத்தை உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன். சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. நான் மாம்பலத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனியில், டின்னில் பிஸ்கட் அடுக்கும் வேலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அருளப்பன் கொத்தனார். சிமெண்டுக்குக் கண்ட்ரோல் வந்ததில் அவருக்குப் பாதி நாள் வேலை கிடையாது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எங்களுக்குக் கலியாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. நேர்ச்சை வைத்து, அழுது, கடைசியில் உண்டானேன். மாசம் ஆனதும் மேனேஜரிடம் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டில் நின்றேன். அவரும் தலையை ஆட்டினார்.

பெண் பிறந்தாள். உடம்பு தேறியதும் திரும்பிப் போனேன். வாசலிலேயே மேனேஜர் நிறுத்தினார்.

"உன் எடத்துல வேற ஆள் போட்டாச்சும்மா. போ."

"இன்னா சார் இது, சொல்ட்டுதானே போனேன்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணினாத்தான் அனுப்பணுமா? வேலை குடுத்த முதலாளிக்கு அதைப் பிடுங்கவும் தெரியும்."

நடு வெயிலில் மயிலாப்பூர் வரை நடந்து வந்தேன். பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் அருளப்பன், "அவுங்க கம்பெனி, அவுங்க இஷ்டம். நாம இன்னா பண்றது பிலோமினா?" என்றார். பக்கத்து வீட்டில் சொன்னேன். அவர்களும் அவுங்க இஷ்டம் என்றார்கள். ஊர் முழுக்க இந்த ஒரு பாட்டையே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. பங்குச் சாமியார் முதலில் பொறுமையாக இரு மகளே என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளைப்பேறுக்கு என்று ஏதோ சட்டம் இருக்கிறதாகக் கேள்வி. பாக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசில் போய்க் கேள்" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆபீசுக்குப் போனேன். ஒரு குமாஸ்தா அடுத்த மேஜைக்குப் போ என்றார். அடுத்த மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் போனால் ஐயா வெளியூர் கேம்ப். அதற்கு மறுநாள் போனால் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறது, பதில் வரட்டும் என்றார்கள். பதிலும் வந்தது. நான் கை சுத்தமில்லாதவளாம், டின்னில் பிஸ்கட்டை நொறுக்குகிறவளாம், அதனால்தான் நீக்கினார்களாம்! வேலை போனதுகூட அப்படி எரியவில்லை. இந்தப் பொய் என்னை எரித்தது.

அங்கிருந்து நேரே மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் மாதா கோயிலுக்குப் போனேன். செபமாலை சொல்ல உட்கார்ந்தேன், சொல்ல முடியவில்லை. சண்டைதான் போட்டேன். "நீயும் பிள்ளை பெத்தவதானே? நான் கேட்டுத்தானே குடுத்தே? இப்ப அதுக்கு நான் இன்னாத்த குடுக்கிறது? பேசாம பாத்துக்கினே கீறியே! எனக்கு வேற ஒண்ணும் வேணாம். எதுக்கு அனுப்பினாங்கன்னு அவுங்க வாயாலேயே சொல்ல வை" என்றேன். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே விசாரிக்க வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். மேனேஜர் கூசாமல் நொறுங்கின பிஸ்கட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முதலாளி உள்ளே வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வருகிறவரே அல்ல. என்ன விஷயம் என்று கேட்டார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இவளுக்காகவா இவ்வளவு கலாட்டா? சார், நல்ல வேலைக்காரிதான், நான் இல்லேன்னு சொல்லலே. பிள்ளை பெத்துக்கப் போயிட்டா. அவ வர்ற வரைக்கும் நான் எடத்தைக் காலியா வெச்சிருக்கணுமா? அதனாலதான் நிறுத்திட்டேன். என் கம்பெனி, என் இஷ்டம்!"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக்கறேன். வேறெதுக்கோ அனுப்பியிருந்தா அது வேற பேச்சு. பிள்ளைப்பேறுக்காக வேலையிலிருந்து நின்னவளை, அப்படி நின்னதுக்காகவே நீக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இதுல உங்க இஷ்டம் செல்லாது. கேசு போடட்டுமா, இவளை வேலைக்கு எடுத்துக்கறீங்களா?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். "சரி, திங்கட்கிழமை வரச் சொல்லு" என்றார் முதலாளி. 'மாதாவே, கேட்டியே, கேட்டியே' என்று மட்டும் என் வாய் முணுமுணுத்தது.

அந்தத் திங்கட்கிழமையே வேலைக்குப் போனேன். பிள்ளைப்பேற்றுக்குச் சேரவேண்டிய பணத்தையும் கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். கொடுத்தால் போதும். எங்கள் பகுதியில் கன்னியம்மா என்று ஒருத்தி. முழுகாமல் இருப்பதை வெளியே சொல்லாமல் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டை அவிழ்த்தாள். "அக்கா, நானும் சொல்டட்டா?" என்று கேட்டாள். நானே அவளை மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அவர் தலையை மட்டும் ஆட்டவில்லை, சரி என்று வாயைத் திறந்தும் சொன்னார்.

முன்பெல்லாம் கோயிலில் கேட்கக் கூச்சப்படுவேன். ஆபீசில் கேட்கப் பயப்படுவேன். இப்போது இரண்டு இடத்திலும் கேட்கிறேன். சகோதரிகளே, உங்களுக்கும் அநியாயம் நடந்தால், மனசு அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே மாதாவிடம் போங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என்னை அவள் கோபித்துக்கொள்ளவில்லை.