உதடு துடித்தால் ஏறி வா

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். விட்டால்தானே?

வாசலில் தணிகாசலம். மரக்காணத்துக்காரன், யுத்தத்தில் கடற்படைக்காக முக்குளித்துவிட்டுத் திரும்பியிருப்பவன்.

"நீங்க பத்திரிகையில எழுதறவரு சார். நீங்க சொன்னா நம்புவாங்க."

என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை… அதை எப்படிச் சொல்வது? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். திண்டிவனம் மார்க்கெட்டில் கருவாடு விற்கும் எல்லப்பனின் மகள் அஞ்சலையை இவனுக்குப் பேசியிருந்தார்கள். 'பையனுக்கு வலிப்பு' என்று யாரோ ஓதிவிட, எல்லப்பன் பின்வாங்கிவிட்டார். வந்தது உண்மைதான் — ஒரே ஒரு தடவை, தண்ணீருக்கு அடியில். மார்பில் கட்டிய பையிலிருந்து சுத்தமான ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறங்குவார்களாம். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும்; அந்த நல்ல காற்றே வலிப்பைக் கொண்டுவந்துவிடும். அதனால் ஓர் ஓட்டு வீட்டு உயரத்துக்கு மேல் ஆழம் போகாதே, உதடு துடித்தால் உடனே ஏறி வந்து சாதாரணக் காற்றை இழு என்று சட்டம்.

தணிகாசலத்தோடு கடைக்கே போய் இதை எல்லப்பனிடம் சொன்னேன்.

"நல்ல காத்துன்றீங்க. அதுல எப்படி சார் வலிப்பு வரும்? யாருக்குக் காது குத்தறீங்க?"

"உப்பு நல்லதுதானே? கருவாட்டில் அளவுக்கு மீறிப் போட்டால்?" — உதாரணம் எனக்கே பிடித்திருந்தது.

"ரொம்ப நாள் கெடாம இருக்கும் சார்."

படித்தவன் பாடு இவ்வளவுதான்.

அதுவரை கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தாள். நேரே தணிகாசலத்தைப் பார்த்தாள்.

"ஒதடு துடிச்சது தெரிஞ்சுதா, இல்லியா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் இன்னாத்துக்கு ஏறி வரல?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தான். "எங்க அப்பன் பையே இல்லாம மூச்சடக்கினு கெடப்பாரு. மத்தவனுங்க கீழ இருக்கறப்ப, கடக்கரைக்காரன் நான் மொதல்ல ஏறினா அசிங்கமில்லியா? வலிப்பு வந்ததும் கூட இருந்தவன் என் இடுப்புக் கயித்தைப் புடிச்சு மேல இழுத்துட்டான்."

அஞ்சலை அப்பா பக்கம் திரும்பினாள். "இது வலிப்பு இல்லப்பா. திமிரு."

எல்லப்பனின் முகம் தெளிந்துவிட்டது. "திமிருதானா? அது நம்ம ஜனத்துல எவனுக்கு இல்ல!"

எனக்குத்தான் தெளியவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் முழுகிய கப்பல்களைத் தூக்கும் வேலைக்கு இவன் மறுபடியும் அதே பையோடு இறங்கப்போகிறான். திமிருக்கு எந்த டாக்டர் மருந்து தருவார்?

அஞ்சலை அதையும் முடித்துவிட்டாள்.

"இனிமே ஒதடு துடிச்சா மொதல்ல ஏறி வர்ற. எவனாச்சும் சிரிச்சான்னா, அவனை என்னாண்ட அனுப்பு."

கடற்படைக்காரர்கள் இத்தனை சட்டம் போட்டார்கள்… இது ஒன்று தோன்றவில்லையே!