எண்பது ரூபாய் என்று சொன்ன நாள்

என் வீட்டுக்காரரின் தங்கை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினோரு வருஷம் மருந்து அடைக்கும் வேலை பார்த்தவள். அவளை அங்கிருந்து நிறுத்தியது நான்தான். "அங்க வாங்குற சம்பளம் இங்கனயே வரும், என்கூட வந்து உக்காரு" என்று நானாகப் போய்க் கூப்பிட்டேன்.

கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் சுருக்குப் பைகளைத் தைப்பது என் தொழில். ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் கிடந்தது. நான் துணியை வெட்டி மிஷினில் தைத்துத் தருவேன். அவள் முன்பக்கத்தில் கையால் பூ வேலை செய்து நாடா கோர்ப்பாள். அவள் போட்ட பூவில் ஒரு இதழ் பெரிசு, ஒரு இதழ் சிறிசு என்று பார்க்க முடியாது.

முதல் பெரிய ஆர்டரைத் தந்தவள் விருதுநகரில் என்னோடு பத்தாவது வரை படித்தவள். சிவகாசியில் அச்சகம் நடத்தும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாத்தனார் கல்யாணத்துக்கு இருநூறு பை வேண்டும் என்றாள். சோபாவில் பக்கத்திலேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, "என்ன வெலைன்னு நீயே சொல்லு" என்றாள்.

எழுபது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவள் டிபன் பாக்ஸில் பாதி எனக்குத்தான் வரும். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் நாற்பது என்று வந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தாள். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

துணி, நூல், நாடா, துணி எடுக்க மதுரைக்குப் போய்வந்த பஸ் காசு எல்லாம் சேர்ந்து ஒரு பைக்கு இருபத்துநான்கு ரூபாய் போய்விட்டது. மீதி பதினாறில் இரண்டு பேர் உழைப்பு. நாள் முழுக்கக் குனிந்து தைத்தாலும் பதினைந்து பைக்கு மேல் ஓடாது. என் பங்கையும் சேர்த்து வீட்டுக்காரரின் தங்கையிடமே கொடுத்தேன். அப்படியும் ஆலைச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேறியது.

அவள் குறை சொல்லவில்லை. "கோவிச்சுக்கிடாதீக மதினி. பிள்ளைக்கு பீஸ் கட்டணும். சீசன் முடியுற வரைக்கும் அங்கனயே போயிட்டு வாரேன்" என்றாள். அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனில் ஏறிப் போனாள்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு முற்பகலில், யாரோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். தாயில்பட்டிப் பக்கம் கரும்புகை. எந்தக் கம்பெனி என்று அதில் இல்லை. அவள் நம்பருக்குப் போன் போட்டேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாற்பது என்று நான் சொன்னது அவருக்குத் தெரியாது. எழுபதுக்குப் பேசியதாகவும், துணி விலை ஏறிவிட்டதாகவும் சொல்லி வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்க கம்பெனி இல்ல மதினி. பக்கத்துல" என்றாள். செம்பை வாங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, "தெனமும் வேன்ல என் பக்கத்துல உக்காருவா ஒருத்தி. பக்கத்துக் கம்பெனில எறங்கிக்கிடுவா. அவ போயிட்டா" என்றாள். சாப்பிடச் சொன்னேன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அன்றைக்கே அவளிடமும் என் வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் மட்டும், "கேக்க வெக்கமா இருந்துச்சாக்கும்" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

இரண்டு வாரத்தில் சிவகாசித் தோழி கூப்பிட்டாள். அச்சக வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க நானூறு பை. அதே சோபா, அதே காபி.

"எண்பது ரூவா" என்றேன்.

"என்னடி, ஒரேயடியா ரெட்டிப்பா?"

"முன்ன சொன்னது தப்பு வெல. எங்க ரெண்டு பேர் கூலியும் அதுல இல்ல."

"பழகுன ஆளுகிட்டயே இப்படியா?"

"பழகுன ஆளுன்னுதான் அன்னைக்குக் கொறைச்சுச் சொன்னேன். கட்டுப்படியாகலை."

அவள் தன் போனைப் பார்த்தாள். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். சொல்லவில்லை.

சூலக்கரையில் மகளிர் குழுக்களுக்கு மூன்று நாள் விற்பனைக் கடை போட இடம் கொடுத்தார்கள். எண்பது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். சீசன் முடியும்வரை ஆலைக்குப் போய்க்கொண்டே, வீட்டுக்காரரின் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பூ போட்டுத் தந்த அறுபது பை இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அம்பதுன்னா எடுத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். பத்தொன்பது விற்றது. அதில் பத்தை வாங்கிய ஒரு டீச்சர், பேரம் பேசாமல், பூவை விரலால் தடவிப் பார்த்து, "இது யாரு போட்டது?" என்று கேட்டார். தை மாதம் மகள் கல்யாணத்துக்கு நூற்றைம்பது சொன்னார்.

தீபாவளி முடிந்ததும் வீட்டுக்காரரின் தங்கை வந்தாள். "வாரேன். ஆனா வெல பேசப் போகையில நானும் கூட வருவேன்" என்றாள். இப்போது நான் துணியை எடுத்துக் காட்டுகிறேன், அவள் விலை சொல்கிறாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிவதில்லை. சில மாதம் ஆலையில் கிடைத்த அளவு வருகிறது, சில மாதம் வருவதில்லை. வராத மாதத்தில் அவள் வேனைப் பற்றிப் பேசுவாள். இதுவரை ஏறவில்லை.

தோழியை மாரியம்மன் கோயில் பொங்கலில் ஒரு முறை பார்த்தேன். தலையசைத்தாள். நானும் அசைத்தேன். கூட்டம் அவளை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.